நான் பற்றவைத்த நாலு கார்டுகள்

9-6-97, திங்கள்

இன்று பதினோரு கார்டு முடித்தேன். பேபி அக்கா ஒன்பது. "இன்னாடி ஜெயசீலி, கையில மெஷின் கட்டிகினு வந்தியா?" என்று கேட்டாள். சிரித்ததோடு சரி. 

இந்த டைரி அப்பா வேலை செய்யும் கேன்டீனில் யாரோ அவருக்குக் கொடுத்தது. ஐந்து மாதம் காலியாகவே போய்விட்டது. பத்தாவது பாதியில் நின்ற பிறகு சேர்ந்தாற்போல நாலு வரி எழுதியதில்லை. இன்று ஏனோ எழுதத் தோன்றுகிறது.

வேலை இதுதான்: இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் மூன்றாவது தெருவில் மாடி மேல் சின்ன கம்பெனி. பிரஸ் மெஷினின் உடம்பில் ஒரு சென்சார் ஒட்டுவார்கள். பிரஸ் தகட்டை ஒரு அடி அடித்தால் எவ்வளவு விசையில் அடித்தது என்று சென்சார் சொல்லும். எங்கள் கார்டு அதைக் கேட்டு ஆயிரம் எண்ணாகத் தன் மெமரியில் எழுதிக்கொள்ளும். கார்டு கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்திருக்கும். அந்த எண்களைக் கோடாக வரைந்தால் அடி சரியா தப்பா என்று தெரியும். இரண்டு தகடு ஒன்றாகப் போய்விட்டால் கோடு எகிறும், கம்ப்யூட்டர் உடனே பிரஸ்ஸை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் அச்சு உடைந்துவிடும்.

கார்டில் ஈயத்தை உருக்கி சோல்டர் வைப்பது நானும் பேபி அக்காவும். வைத்த பிறகு என் மேசையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகச் செருகி, டாஸில் டிபக் என்ற புரோகிராமைப் போட்டு, கார்டின் மெமரியைத் திரையில் பார்த்து, முதல் வரியில் சீரியல் நம்பர் வருகிறதா என்று பார்த்து நோட்டில் எழுதுவது நான் மட்டும். பேபி அக்காவுக்கு அந்த எழுத்துக் கணக்கு பிடிக்காது. எனக்குப் பிடிக்கும். ஒன்பதுக்கு அப்புறம் பத்து வராது. ஏ, பி என்று எஃப் வரைக்கும் போய்விட்டுத்தான் வரும்.

என் சோல்டர் புள்ளிகளை லென்ஸில் பார்த்தால் எனக்கே சந்தோஷமாக இருக்கும். ஒன்றுகூடப் பக்கத்துக் காலைத் தொடாது. யாரிடமும் சொன்னதில்லை. இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

11-6-97, புதன்

எஞ்சினியர் பரந்தாமன் சார் முதலாளியிடம் பேசியதைக் கேட்டுக்கொண்டே வேலை செய்தேன். கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்று புதிதாக ஒன்று போட்டிருக்கிறார்.

"இப்ப ஒவ்வொரு அடிக்கும் கார்டுல இருக்கறத நான் எழுதின டிரைவர்ங்கற புரோகிராம் படிச்சு, காப்பி எடுத்து, அப்புறம்தான் கோடு வரையற நம்ம புரோகிராமுக்குத் தருது சார். நாலு பிரஸ்ஸும் ஒண்ணா ஓடினா நேரம் பத்தல. இனிமே காப்பியே வேணாம். கார்டோட மெமரிய நேரா புரோகிராமுக்குள்ள மாட்டிடறேன்."

"மாட்டறதுன்னா?" என்றார் முதலாளி ராஜசேகரன்.

"புரோகிராம் தன்னோட சொந்த மெமரியத்தான் பாக்கறோம்னு நினைச்சுக்கும். நெஜமா பாக்கறது கார்டை."

"டாஸ்லயே அப்படித்தானேய்யா இருந்துது?"

"டாஸ்ல காவல் கிடையாது சார். யார் வேணா எங்க வேணா கை வைக்கலாம். லினக்ஸ் விடாது. டிரைவர் சொன்னாத்தான் திறக்கும். அதுவும் பேஜ் பேஜாத்தான் திறக்கும். ஒரு பேஜ் நாலாயிரத்துத் தொண்ணூத்தாறு பைட்."

4096. அழகான எண். ஏன் என்று தெரியாது, பிடித்தது. எங்கள் கார்டின் மெமரி 2048. அது எனக்கு முன்பே தெரியும்.

14-6-97, சனி

பரந்தாமன் சார் ஒரு கார்டு போட்டுப் பார்த்தார். சென்சாரை ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டினால், தட்டிய கை எடுப்பதற்குள் திரையில் கோடு எழுந்துவிட்டது. முன்பெல்லாம் யோசித்து யோசித்து வரும். முதலாளியே நாலு தடவை தட்டிப் பார்த்தார். எல்லோருக்கும் பஜ்ஜி வந்தது.

அந்தக் கார்டு நான் செய்தது. நம்பர் 0341.

18-6-97, புதன்

எழுத மனசில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

இன்று நாலு கார்டையும் ஒன்றாகப் போட்டார்கள். 0341 முதல் 0344 வரை. நாலும் என் கை. ஒவ்வொரு கார்டிலும் சின்ன ஸ்விட்ச் வரிசை உண்டு. மெமரியில் அது எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று அதில்தான் வைக்க வேண்டும். முதல் கார்டு 0000-ல், இரண்டாவது 0800-ல், மூன்றாவது 1000-ல், நாலாவது 1800-ல். ஒன்றை ஒன்று ஒட்டி. கார்டின் 2048 அந்த எழுத்துக் கணக்கில் 0800.

பரந்தாமன் சார் முதல் சென்சாரைத் தட்டினார். முதல் கோடும் எழுந்தது, இரண்டாவது கோடும் எழுந்தது. இரண்டாவதைத் தட்டினார். ஒன்றும் இல்லை. மூன்றாவதைத் தட்டினால் மூன்றும் நாலும். நாலாவதைத் தட்டினால் ஒன்றும் இல்லை.

பரந்தாமன் சார் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "சோல்டர் ஓடியிருக்கு சார். ஸ்விட்ச் காலுங்க நடுவுல ஷார்ட். ரெண்டாவது கார்டு முதல் கார்டோட இடத்துலயே போய் உக்காந்துக்கிச்சு. நாலாவதும் அப்படித்தான்" என்றார்.

முதலாளி என்னைப் பார்த்தார். திட்டவில்லை. "கவனமா செய்யற பொண்ணுன்னு நினைச்சேனே" என்றார். அவ்வளவுதான்.

திட்டியிருக்கலாம்.

19-6-97, வியாழன்

லென்ஸில் பார்த்தேன். ஷார்ட் இல்லை. திரும்பவும் பார்த்தேன். இல்லை. இருந்தாலும் இரண்டு கார்டிலும் ஸ்விட்ச் கால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தேன். பரந்தாமன் சார் போட்டுப் பார்த்தார். அதே கதை.

பாத்ரூமில் போய் அழுதேன். பேபி அக்கா கதவைத் தட்டினாள்.

"ஏய், இன்னாத்துக்கு அழுவுறே? நீ பண்ணியா, பண்ணலியா, அத்த சொல்லு."

"பண்ணலக்கா."

"அப்ப போய்ச் சொல்லு."

"எப்படிக்கா சொல்றது? அவரு எஞ்சினியரு."

"எஞ்சினியருன்னா சாமியா? அந்தாளு சட்டைய ரெண்டு நாளா உள்பக்கம் வெளியே போட்டுகினு கீறாரு, அதுவே தெரியல அவருக்கு."

அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். ஆனால் சொல்லவில்லை.

20-6-97, வெள்ளி

முதலாளி சொல்லிவிட்டார். திங்கட்கிழமை நாலு கார்டும் கிண்டிக்குப் போகிறதாம், அங்கே ஒருத்தர் மெஷின் வைத்து சோல்டர் செய்கிறாராம். அவர் பார்த்து, கை வேலையில்தான் குறை என்று சொன்னால் இனி எல்லாக் கார்டும் அங்கேயே. நான் பேக்கிங்கில் உட்காரலாம்.

பேக்கிங் ஒன்றும் கேவலமில்லை. சம்பளமும் அதேதான். ஆனா என் கை சரியில்லன்னு சொல்லி அனுப்பறாங்களே. என் கை சரியாத்தான் இருக்கு. எனக்குத் தெரியாதா?

அம்மா, "இன்னாடி மூஞ்சி இப்பிடி கீது?" என்று கேட்டார்கள். தலைவலி என்றேன்.

ஒன்று மட்டும் குடைகிறது. இரண்டாவது கார்டு முதல் கார்டின் இடத்தில் போய் உட்கார்ந்திருந்தால், இரண்டாவது சென்சாரைத் தட்டும்போது அங்கே ஏதாவது ஆட வேண்டாமா? கோணல் மாணலாகவாவது? ஒன்றுமே ஆடவில்லையே. அது அங்கே இல்லை. பிறகு எங்கே இருக்கிறது?

21-6-97, சனி

அரை நாள் வேலை. பரந்தாமன் சார் பிரஸ் கம்பெனிக்குப் போயிருந்தார். அவருடைய லினக்ஸ் கம்ப்யூட்டரைத் தொடாதே என்று யாரும் சொன்னதில்லை. தொடு என்றும் சொன்னதில்லை.

என் டெஸ்ட் ஃப்ளாப்பியைப் போட்டு டாஸில் கிளப்பினேன். இதுவரை நான் டெஸ்ட் செய்தது ஒரு நேரத்தில் ஒரு கார்டுதான். இன்று நாலும் உள்ளே இருக்கும்போது பார்த்தேன். இரண்டு தடவை தப்பாக அடித்தேன்.

0000-ல் பார்த்தேன்: 0341.
0800-ல்: 0342.
1000-ல்: 0343.
1800-ல்: 0344.

நாலும் அதனதன் இடத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கின்றன!

பேபி அக்கா பின்னால் வந்து நின்றாள். "இன்னாடி பாக்குறே?"

"கார்டு எல்லாம் நல்லா இருக்குக்கா."

"நான்தான் சொன்னேன்ல" என்றாள். அவள் சொல்லவே இல்லை.

பிறகு இன்னொன்றும் செய்தேன். 0341-ஐ 0800-க்கு மாற்றினேன், 0342-ஐ 0000-க்கு. லினக்ஸில் கிளப்பினால் பரந்தாமன் சாரின் புரோகிராம் தானாக வரும். சென்சார்களைப் பேபி அக்காவைத் தட்டச் சொன்னேன். இப்போது 0342 நன்றாக வேலை செய்கிறது, 'நல்ல' கார்டான 0341 கெட்டுவிட்டது. ஆக, கெட்டது கார்டு இல்லை. இடம்.

எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டு வந்தேன். டாஸில் சரி, லினக்ஸில் தப்பு. ஏன் என்று தெரியாமல் போய்ச் சொன்னால், "டாஸ் வேற, லினக்ஸ் வேறம்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்.

22-6-97, ஞாயிறு

சர்ச் பூசையில் மனசு நிற்கவில்லை. சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று கேட்டால் தெரியாது. 0800, 1800. அதுவேதான் ஓடியது.

வீட்டுக்கு வந்தால் வாசலில் ஒருவர் கல்யாணப் பத்திரிகையோடு நின்றார். "பதினாலாம் நம்பர் இதானே?" இதுதான். அம்மா வாங்கி வைத்துவிட்டார்கள். பிரித்துப் பார்த்தால் பின் போர்ஷன் கன்னியம்மாள் அக்காவுக்கு. எப்போதும் இப்படித்தான். ஒரே கதவு நம்பர், இரண்டு குடித்தனம். யாருக்கு வந்தாலும் முன்னால் இருக்கிற எங்கள் கைக்குத்தான் வரும்.

பத்திரிகையைக் கொடுக்கப் பின்பக்கம் போகிறவள் நடுவில் நின்றுவிட்டேன்.

ஒரு பேஜ் 4096. கம்ப்யூட்டர் கணக்கில் எழுதினால் அது 1000. பேஜ் பேஜாகத்தான் திறக்கும் என்று சொன்னாரே! அப்படியென்றால் 0000-ல் ஒரு பேஜ் தொடங்குகிறது, அடுத்தது 1000-ல். 0800-ல் எந்தப் பேஜும் தொடங்கவில்லை. அது முதல் பேஜின் நடு. இரண்டாவது கார்டைக் கேட்டால் லினக்ஸ் அந்தப் பேஜையே திறந்துவிடுகிறது, புரோகிராம் அதன் ஆரம்பத்தைப் பார்க்கிறது. ஆரம்பத்தில் இருப்பது முதல் கார்டு.

1800-ம் அதேதான். 1000-ல் தொடங்கும் பேஜின் நடு.

கன்னியம்மாள் அக்கா எட்டிப் பார்த்து, "இன்னா ஜெயசீலி, செல மாரி நின்னுகினு கீறே?" என்றாள். பத்திரிகையைக் கொடுத்துவிட்டு ஓடிவந்தேன்.

நான் நினைப்பது சரியென்றால் இரண்டாவது கார்டு தொலைந்து போகவில்லை. முதல் கார்டுக்காகத் திறந்த அதே பேஜில், பாதிக்கு அப்பால் இருக்க வேண்டும். அங்கே போய்ப் பார்க்கச் சொன்னால் போதும். 0342 என்று அதுவே சொல்லும்.

சொல்ல வேண்டுமே. நான்தானே சொல்ல வேண்டும்.

23-6-97, திங்கள்

சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டேன்.

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். காலையில் போனபோதே நாலு கார்டையும் கழற்றி அட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி, பரந்தாமன் சார், இருவரும் அங்கேதான். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். தாளை மேசைமேல் வைத்துவிட்டு ஓடிவிடலாம் என்பதுதான் திட்டம். மேசைக்குப் பக்கத்தில் போனதும் பேபி அக்கா பின்னாலிருந்து சத்தமாக, "சார், ஜெயசீலி ஏதோ சொல்லணுமாம்!" என்றாள். பாவி.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கார்டு நல்லா இருக்கு சார்" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"என்னம்மா?"

"கார்டு நல்லா இருக்கு சார். நாலையும் டாஸ்ல ஒண்ணாப் போட்டுப் பார்த்தேன். அதது இடத்துல இருக்கு."

பரந்தாமன் சார் முகம் சிவந்தது. "என் மெஷினை நீ எதுக்கும்மா தொட்ட?"

நான் தாளைப் பிரித்தேன். பேபி அக்காதான், "அவ செஞ்ச கார்டு சார், அவ பாக்கக்கூடாதா? கொயந்தைக்குக் காய்ச்சல்னு சொல்றீங்க, பெத்தவ தொட்டுப் பாக்க வாணாமா?" என்றாள். முதலாளி சிரித்தார். "சரி, என்னதான் சொல்லுது, கேப்போம்."

கார்டுகளைத் திரும்பப் போட்டார்கள். பரந்தாமன் சாரிடம் மெமரியை எண்ணாகக் காட்டும் சின்ன புரோகிராம் ஒன்று உண்டு. நான் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "முதல் கார்டைத் திறந்து, 0800-லேருந்து காட்டுங்க சார்."

"முதல் கார்டு அதுக்கு முன்னாடியே முடிஞ்சுடுதும்மா. அதுக்கு மேல ஒண்ணும் இருக்காது."

"காட்டுங்க சார்."

இது நான் சொன்னதா என்று இப்போதுகூடச் சந்தேகமாக இருக்கிறது. 'காட்டுங்க சார்.' ஆமாம், நான்தான்.

தட்டினார். முதல் வரியில் 0342.

முதலாளிக்குப் புரியவில்லை. பரந்தாமன் சாருக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு திரையையே பார்த்தார். அப்புறம் தன் டிரைவரைத் திறந்து ஒரு வரியில் விரல் வைத்தார். பேஜ் தொடங்காத அட்ரஸைக் கொடுத்தால் லினக்ஸ் முடியாது என்று தள்ளிவிடுகிறதாம். அன்றைக்குத் தொந்தரவு வேண்டாம் என்று, பேஜுக்கு மேல் மிஞ்சியதை வெட்டிவிட்டு அட்ரஸைக் கொடுத்திருக்கிறார். வெட்டிய மிச்சத்தைப் புரோகிராம் பக்கத்தில் திரும்பக் கூட்டியிருக்க வேண்டும். கூட்டவில்லை. ஒரு கார்டை 0000-ல் வைத்தே எழுதியதால் மிச்சம் எப்போதும் பூஜ்யம், அதனால் தெரியவே இல்லை.

"என் தப்பு சார்" என்றார் முதலாளியிடம். "கார்டுல ஒண்ணும் இல்ல."

இரண்டு வரி சேர்த்தார். நாலு கோடும் தனித்தனியாக எழுந்தன.

அப்போது எனக்கு இன்னொன்று தோன்றியது. வாய் ஏற்கெனவே திறந்துவிட்டதால் கேட்டும்விட்டேன். "சார், ரெண்டாவது கார்டைத் திறந்தா முதல் கார்டும் சேர்ந்துதானே திறக்குது? ரெண்டாவதுல எழுதறப்ப கை தவறினா முதல்ல போய் விழாதா?"

அவர் என்னைப் பார்த்த பார்வை! நல்ல பார்வைதான்.

"விழும்" என்றார். "காவலே பேஜுக்குத்தான். பேஜுக்குள்ள சுவர் கிடையாது."

"அப்ப ஒவ்வொரு கார்டையும் ஒவ்வொரு பேஜ்ல வெச்சுடலாமா சார்? 0000, 1000, 2000, 3000. பாதி இடம் சும்மா கிடக்கும், கிடந்தா என்ன?"

"வை" என்றார்.

நாலு கார்டின் ஸ்விட்சையும் நானே மாற்றினேன். ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

அட்டைப் பெட்டியைப் பேபி அக்கா உதைத்து மேசைக்கு அடியில் தள்ளினாள்.

24-6-97, செவ்வாய்

அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு பேஜும் புரியவில்லை, கார்டும் புரியவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, "எஞ்சினியரே அவர் தப்புன்னு ஒத்துக்கினாரா?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் ஆமாம் என்றேன். மூன்றாவது தடவை அவருக்குப் புரியாமல் கேட்கவில்லை, கேட்க ஆசையாக இருந்து கேட்டார்.

27-6-97, வெள்ளி

பரந்தாமன் சார் என்னிடம் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. என் மேசையில் ஒரு நல்ல லென்ஸ் வைத்துவிட்டுப் போயிருக்கிறார், கைப்பிடி போட்டது. நான் நன்றி சொல்லவில்லை. இருவருக்கும் வாய் இல்லை.

2-7-97, புதன்

பிரஸ் கம்பெனிக்கு என்னையும் கூட்டிப்போனார்கள்! திருமழிசைக்கு முன்னால் பெரிய ஷெட். உள்ளே போனதும் காது அடைத்துவிட்டது. தரை அதிர்கிறது. நாலு பிரஸ்ஸும் வரிசையாக, ஒவ்வொன்றும் எங்கள் வீட்டுக் கூரை உயரம்.

கார்டுகளைச் செருகியது நான். சூப்பர்வைசர் தேவராஜ் என்பவர் நம்பாமல் பார்த்துக்கொண்டே நின்றார். "இன்னா சார், ஸ்கூல் பொண்ண இட்டாந்துகீறீங்க?" என்று பரந்தாமன் சார் காதில் கத்தினார். எனக்கும் கேட்டது.

"கார்டு செஞ்சதே அந்தப் பொண்ணுதான்" என்று இவரும் கத்தினார். "என் புரோகிராம்ல தப்பு இருந்துது, அதையும் அதான் கண்டுபிடிச்சுது. நீங்க தள்ளி நில்லுங்க, வேலை நடக்கட்டும்."

இரண்டாவது பிரஸ்ஸை மட்டும் முதலில் ஓட்டச் சொன்னேன். சொன்னேன் என்றால் விரலைக் காட்டினேன், அந்தச் சத்தத்தில் அதுதான் முடியும். பிரஸ் இறங்கியது. திரையில் இரண்டாவது கோடு மட்டும் குன்று மாதிரி எழுந்து இறங்கியது. முதல் கோடு படுத்தே கிடந்தது. மறுபடி அடி. மறுபடி குன்று. அவ்வளவு பெரிய இரும்பு அடிப்பது என் கார்டில் விழுந்து, அந்த நிமிஷமே திரையில் தெரிகிறது. நடுவில் யாரும் காப்பி எடுத்துக் கொடுக்கவில்லை.

பிறகு தேவராஜ் வேண்டுமென்றே மூன்றாவது பிரஸ்ஸில் இரண்டு தகடு வைக்கச் சொன்னார். பழைய அச்சுதான், போனால் போகட்டும் என்று. கோடு எகிறியது, பிரஸ் மேலே போய் நின்றுவிட்டது. மற்ற மூன்றும் ஓடிக்கொண்டே இருந்தன. அவர் அச்சைத் தடவிப் பார்த்தார். கீறல் இல்லை. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். டீ வந்தபோது முதல் கிளாஸ் எனக்குக் கொடுக்கச் சொன்னார்.

திரும்பி வரும்போது வேனில் நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

19-8-97, செவ்வாய்

கிண்டிக்கு ஒன்றும் போகவில்லை. பேக்கிங்கில் புதிதாக ஒருத்தரைச் சேர்த்திருக்கிறார்கள்.

12-11-97, புதன்

ரொம்ப நாள் எழுதவில்லை. நேரமில்லை.

இப்போது எட்டு பிரஸ்ஸுக்கு ஒரே கம்ப்யூட்டர். பரந்தாமன் சார் டிரைவரை மாற்றி எழுதிக் காலையில் கொண்டுவந்தார். டெஸ்ட் முழுக்க இப்போது என்னிடம்தான். எட்டுக் கார்டையும் போட்டேன். ஸ்விட்சை வேண்டுமென்றே கோணலாக வைத்துப் பார்த்தேன், தப்பான இடம் என்று டிரைவரே சொல்லி நின்றுவிட்டது, நல்லது. ஒரு கார்டைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். அதில் ஒரு சிக்கல் வந்தது. எழுதி வைத்தேன்.

பதினொரு மணிக்கு அவர் என் மேசைக்கு வந்து நின்றார். "ஜெயசீலி, முதலாளி கேக்கறாரு. அனுப்பிடலாமா?"

"இன்னும் ஆகல சார்" என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நாலு மணிக்கு வாங்க."

"சரி" என்று சொல்லிவிட்டுப் போனார். நாலு மணிக்கு வந்தார்.